நகராதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் யார் எவ்வளவு ஊர் சுற்றுவார்கள் என்ற பேச்சு எழுந்தால், தீர்ப்புகள் முன்பே தயாராக இருக்கும். கிள்ளான்காரர் ஆற்றைத் தாண்டமாட்டார், வட கிள்ளானில் இருப்பவருக்குத் தென் கிள்ளானே வெளியூர். பிரிக்பீல்ட்ஸ்காரருக்குக் கோவில், கடை, ரயில் எல்லாம் காலடியில் இருப்பதால் அவர் எங்கும் போகத் தேவையில்லை. கோலாலம்பூர்க்காரர் பாங்காக்கும் பாலியும் பார்த்திருப்பார், கிளந்தானுக்கு வழி கேட்டால் விழிப்பார். பினாங்குத் தீவுக்காரர் பாலம் கடக்க நாலு நாள் யோசிப்பார். தோட்டத்தில் பிறந்தவருக்குத் தோட்டமும் பத்துமலையும்தான் உலகம்.

முதல் நான்கும் கலியாண வீட்டுக் கேலிகள். சொல்பவரும் கேட்பவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியாகச் சொன்னது அப்படிப்பட்டதல்ல. தோட்டத் தமிழரின் வறுமைக்கும், பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதற்கும், வேலை மாறாததற்கும் அதையே காரணமாகக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருந்த இடத்திலேயே இருப்பது அவர்கள் சுபாவம் என்று சொல்லிவிட்டால் வேறு கேள்வி எழாது. இதே மக்களைத்தான் அரசியல் மேடைகளில் 'பெண்டாத்தாங்', வந்தேறிகள் என்றும் ஏசியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதும் வெளியே போகாதவர்கள் என்பதும் ஒரே சமூகத்தின் மேல் ஒரே காலத்தில் சுமத்தப்பட்ட பழிகள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

நகர்வின் அளவை முதலில் பார்ப்போம். கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியான தம் 'மலாயாவில் இந்தியர்கள்' ஆய்வில் தந்த மதிப்பீட்டின்படி, 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர்கள் 40 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் திரும்பிப் போனார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தமிழர்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களில் காத்திருந்து, கப்பலின் மேல்தட்டில் படுத்து வந்து, பினாங்குக்கு அருகே புலாவ் ஜெரஜாக்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தனிமை முகாமில் நாள் கழித்து, அங்கிருந்து ரயிலிலும் லாரியிலும் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் ஊர் திரும்பியவர்கள் உண்டு. திரும்பியவர்களில் பலர் மறுபடி வந்தார்கள், தம்பியையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கிள்ளானில் முதியவர்கள் முகம் மாறும். அதற்குப் பின்வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985இல் தீ விபத்துக்குள்ளானபின்தான் அந்தப் பயணக் கப்பல் வழி நின்றுபோனது. இத்தனை பேர் இத்தனை முறை வங்கக் கடலைக் கடந்திருக்க, அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்து நகரத் தெரியாதவர்கள் என்று சொல்ல எப்படி முடிந்தது?

ஒரு காரணம், யாருடைய பயணத்துக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் நிறுவனங்களின் ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்கு வந்தார்கள். தவணை முடிந்ததும் செட்டிநாடு திரும்பினார்கள், ஓய்வெடுத்துவிட்டு வேறு ஊர்க் கடைக்குப் போனார்கள். அதை நாம் துணிவு என்றும் தொழில் திறமை என்றும் எழுதிவைத்திருக்கிறோம். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாரை உலகம் சுற்றிய தமிழர் என்று கொண்டாடுகிறோம், அவர் அதற்குத் தகுதியானவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் சேர்ந்தவர்கள் பிறாய் முதல் ஜொகூர் வரை நிலையம் நிலையமாக மாற்றலாகிப் போனார்கள். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளும் அங்குள்ள கந்தசுவாமி கோவிலும் அந்தத் தலைமுறையின் அடையாளங்கள். அவர்களையும் ஒரே இடத்தில் இருந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கூலிக்கு வந்தவர் அதே மூன்று ஆண்டு, அதே கடல், அதைவிட மோசமான இடத்தில் பயணம் செய்தார். அது மட்டும் பயணம் என்ற கணக்கில் ஏறவில்லை.

தோட்டத்துக்கு வந்துசேர்ந்தபின் அவர்கள் அசையாமல் இருந்தார்கள் என்பதும் உண்மையல்ல. இதற்குச் சான்று தொழிலாளர் பக்கத்திலிருந்து வரவில்லை, முதலாளிகளின் கவலையிலிருந்து வருகிறது. ரப்பர் விலை ஏறிய காலத்தில், ஒரு தோட்டம் கப்பல் செலவு கட்டிக் கொண்டுவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டம் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொண்டது. ஆட்கள் ஓடிப்போகிறார்கள் என்று துரைமார்கள் ஓயாமல் புகார் சொன்னார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் நிதிக்குப் பணம் கட்டினார்கள், கப்பல் கட்டணம் அதிலிருந்து போனது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. வந்தவருக்குக் கப்பல் கடன் இல்லாமல் போனதும், ஒரு மாத முன்னறிவிப்பில் வேலையை விட்டுப் போகும் உரிமை சட்டப்படி கிடைத்தது. அடங்கி ஒடுங்கி ஒரே இடத்தில் கிடக்கும் மக்களைக் கட்டிவைக்க இத்தனை ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது.

தோட்டத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். லயத்து வீடு, கடை, கள்ளுக்கடை, கோவில், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி என்று எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்தன. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி கிடைத்தது நல்லதுதான். ஆனால் தொழிலாளிக்கும் அவர் பிள்ளைக்கும் வெளியே போக ஒரு காரணமும் மிச்சமில்லாதபடி தோட்டம் முழுமையாகிவிட்டது. கடையில் பற்றுக் கணக்கு, கங்காணியிடம் கைமாற்று. சம்பள நாளில் கைக்கு வருவது எவ்வளவோ, அவ்வளவு தூரம்தான் ஒருவர் போக முடியும்.

வேலிக்கு உள்ளிருந்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் என்பதற்குக் கிள்ளானே சாட்சி. 1941 மார்ச்சில் தொடங்கி மே மாதம்வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களை வெறும் கூலிப் போராட்டம் என்று நினைப்பவர்கள் கோரிக்கைப் பட்டியலைப் படிக்க வேண்டும். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் சம்பள உயர்வு கேட்டது. அதோடு, துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னது. உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி கேட்டது. பேசவும் கூடவும் உரிமை கேட்டது. இவற்றை நான் பல முறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் சைக்கிள் கோரிக்கையில் போய் நின்றுவிடும். தன் உழைப்பில் வாங்கிய வண்டியில் தன் விருப்பப்படி போகும் உரிமைக்காக ஒரு மக்கள் கூட்டம் வேலையை நிறுத்தியிருக்கிறது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். மலேசியத் தமிழரின் பயண வரலாற்றை யாராவது எழுத வந்தால், முதல் அத்தியாயம் இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டே அவர்களை வேறு விதமாக நகர்த்தினார்கள். 1942, 1943இல் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பெரும் பகுதியினர் திரும்பவில்லை. அதே காலத்தில் நேதாஜியின் படையில் சேர்ந்து, தோட்டத்து இளம்பெண்கள் உட்படப் பலர் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் போனார்கள். ஜான்சி ராணி படையில் இருந்த கோலாலம்பூர் ஜானகி ஆதிநாகப்பனின் பெயர் அதனால்தான் நமக்குத் தெரிகிறது. போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948இல் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் தோட்ட மக்கள் பலரை முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்துக் குடியமர்த்தினார்கள். இருட்டியபின் வெளியே போகத் தடை, வெளியே போகும்போது கையில் உணவு கொண்டுபோகவும் கட்டுப்பாடு. வெளியே போனால் ஆபத்து என்ற எச்சரிக்கை பல குடும்பங்களில் தாய் சொல்லாகத் தங்கிவிட்டதற்கு இந்த ஆண்டுகள் போதுமான காரணம்.

சுதந்திரத்துக்குப் பின் வேர் பிடிக்கும் என்று நம்பியபோது தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று சொல்லி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்குப் பதிலாகத்தான். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. அதைத் தொடர்ந்து சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலருக்கு அது திரும்புதல் அல்ல. மலாயாவிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள்.

எண்பதுகளுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கு விரியத் தொடங்கியதும் ரப்பரும் செம்பனையும் இருந்த நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. புத்ராஜெயா எழும்பிய இடத்தில் பெராங் புசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. 1998இல் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையம் நிற்பதும் முன்பு தோட்டமாக இருந்த நிலத்தில்தான். புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 'பாலேக் கம்போங்' என்று பெருநாளுக்கு ஊர் திரும்பும் காட்சி நம் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஆண்டுதோறும் வரும். தோட்டத்தில் பிறந்த தமிழருக்குத் திரும்பிப் போக அந்த ஊர் இல்லை. லயம் இடிக்கப்பட்டது, பள்ளி வேறு இடத்துக்குப் போனது, சில இடங்களில் கோவில் மட்டும் சாலையோரம் மிஞ்சி நிற்கிறது. வருடம் ஒரு நாள் அந்தக் கோவில் திருவிழாவுக்கு நாலாபக்கமிருந்தும் வந்து கூடுகிறார்களே, அதுதான் அவர்களுடைய பாலேக் கம்போங்.

விடுமுறைக் கணக்கும் இதில் உண்டு. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இரண்டு நாள் பொது விடுமுறை. தீபாவளிக்கு ஒரு நாள், சரவாக்கில் அதுவும் இல்லை. காப்பாரில் வேலை செய்பவர் கெடாவில் இருக்கும் தாயைப் பார்க்கப் போய்த் திரும்ப ஒரு நாள் போதாது. விடுப்புக் கேட்க வேண்டும், தினச் சம்பளக்காரர் என்றால் கூலி போகும். அவர் போகாமலிருப்பதைப் பார்த்து ஊர் சுற்ற ஆசையில்லாதவர் என்று சொல்வது அநியாயம்.

இனி இன்றைய நிலைமை. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் உள்நாட்டுச் சுற்றுலா ஆய்வு 2019இல் 23.91 கோடி வருகைகளைக் கணக்கிட்டது. மக்கள் அதிகம் போன மாநிலம் சிலாங்கூர். முதன்மையான நோக்கம் உறவினரையும் நண்பர்களையும் பார்ப்பது. கடற்கரை விடுதியும் மலைவாசத் தலமும் அதற்குப் பின்னால்தான். மலேசியர் எல்லாருக்கும் பயணம் என்பது பெரும்பாலும் சொந்தபந்தத்தைப் பார்ப்பதுதான் என்றால், தமிழர் கலியாணம், காதுகுத்து, கருமாதி என்று ஓடுவதை மட்டும் எப்படித் தள்ளிவைப்பது? நான் அறிந்த கிள்ளான் குடும்பங்களில் சனி, ஞாயிறு வீட்டில் தங்குவது அபூர்வம். தைப்பிங்கில் நிச்சயதார்த்தம், சிரம்பானில் பதினாறாம் நாள் காரியம், தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி. எங்கே போனீர்கள் என்று கேட்டால், எங்கும் போகவில்லை, ஒரு கலியாணம்தான் என்பார்கள். நம் பயணத்தை நாமே பயணமாக எண்ணாதபோது அடுத்தவர் எப்படி எண்ணுவார்?

அன்றாட நகர்வு அதைவிடப் பெரிது. கிள்ளானிலிருந்து ஷா ஆலம், சுபாங், பெட்டாலிங் ஜெயா, கோலாலம்பூர் என்று கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் மோட்டார்சைக்கிளில் போய்வருபவர்கள் எத்தனை பேர்! எழுபதுகளில் தடையற்ற வணிக வட்டாரங்கள் திறந்தபோது தோட்டத்து வாசலில் ஃபேக்டரி பஸ் வந்து நின்றது. பால்மரம் சீவிய தாயின் மகள் விடியுமுன் அதில் ஏறிச் சுங்கைவேக்குப் போனாள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லாரி ஓட்டும் தமிழர்கள் பாடாங் புசாரிலிருந்து ஜொகூர்வரை சாலையின் ஒவ்வொரு வளைவையும் அறிவார்கள். இவர்களில் ஒருவரை நிறுத்தி, நீங்கள் அதிகம் பயணம் செய்பவரா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

கோவில் பயணத்தைத் தனியே சொல்ல வேண்டும். தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியில் 1892இல் பத்துமலையில் தைப்பூசம் தொடங்கியது முதல், ரயிலும் பஸ்ஸும் கோவிலை நோக்கித் தமிழரை ஏற்றிச் செல்கின்றன. 2010இல் கம்யூட்டர் பாதை பத்துமலைவரை நீண்டபின் கிள்ளானில் ஏறியவர் கோவில் வாசலில் இறங்க முடிகிறது. பங்குனி உத்திரத்துக்குப் பகாங் மாரான் மரத்தாண்டவர், மாசி மகத்துக்கு மலாக்கா சன்னாசிமலை, புரட்டாசி சனிக்கிழமைகளில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் என்று ஆண்டு முழுவதும் பஸ் கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பயணங்களில் நான் கவனித்த முக்கியமான விஷயம், பெண்கள் தாங்களே திட்டமிடுவது. சீட்டுக் கட்டிப் பணம் சேர்ப்பதும், ஆள் எண்ணுவதும், புளிசாதம் பொட்டலம் போடுவதும் அவர்களே. வேறு எந்தக் காரணத்துக்கும் வீட்டை விட்டு இரண்டு நாள் போக முடியாத அம்மாமார்கள் சாமி பெயரைச் சொல்லி நாட்டின் பாதியைப் பார்த்திருக்கிறார்கள். 2008 இறுதியில் திருச்சிக்கு மலிவுக் கட்டண விமானம் பறக்கத் தொடங்கியபின், அதே குழுக்கள் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போகின்றன.

இத்தனையும் சொன்னபின், கேலியில் உண்மை எவ்வளவு என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நம்மவர் செல்லும் வழிகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரன் தோட்டமும் ரயிலும் போட்ட மேற்குக் கரையில், கெடாவிலிருந்து ஜொகூர்வரை, உறவும் கோவிலும் சாப்பாட்டுக் கடையும் இருக்கும் இடங்களுக்கே போகிறோம். கிளந்தான், திரெங்கானு பக்கம் சொந்தம் இல்லாததால் போவதில்லை. சபா, சரவாக்கைப் பார்த்தவர்கள் இன்னும் குறைவு. அந்த இரு மாநிலங்களும் 1963 முதல் குடிநுழைவைத் தம் கையில் வைத்திருக்கின்றன. தீபகற்ப மலேசியர் பார்வையாளராக 90 நாள் தங்கலாம், வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். விமானக் கட்டணம் ஒரு காரணம், இந்தச் சோதனை ஒரு காரணம். ஆனால் யாரையும் தெரியாத ஊருக்குப் போவதற்கு நாம் காட்டும் தயக்கமும் ஒரு காரணம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

வெளியுலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உதவும். அமெரிக்கர்களில் பலரிடம் கடவுச்சீட்டே இல்லை, அவர்கள் ஊர் விட்டு ஊர் போகாதவர்கள் என்று உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போக அவர்களுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படாமல் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2007இல் விமானத்தில் திரும்புவோருக்கு அது கட்டாயமானதும் விண்ணப்பங்கள் குவிந்தன. மக்களின் சுபாவம் ஓராண்டில் மாறிவிடவில்லை, விதிதான் மாறியது.

இங்கே நிலைமை அதற்கு நேர் எதிர். கடவுச்சீட்டு தேவை, ஆனால் அதைக் கேட்கவே முடியாத தமிழர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமலோ, சிவப்பு அடையாள அட்டையோடோ முதுமை அடைந்தவர்கள் அவர்கள். தோட்டத்தில் வீட்டுப் பிரசவம், பதியாத திருமணம், தொலைந்த காகிதம் என்று தொடங்கிய சிக்கல் பேரப்பிள்ளைவரை வந்திருக்கிறது. 2007இல் இண்ட்ராப் பேரணிக்கு வந்தவர்களின் மனக்குறைகளில் இதுவும் இருந்தது. 2017இல் அரசு வெளியிட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம் ஆவணச் சிக்கலைத் தீர்ப்பதை ஒரு குறிக்கோளாகச் சொன்னது. பெயர் பதியாத இளைஞர் விமானம் ஏற முடியாது, சாலைச் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி மாநில எல்லைகூடத் தாண்டமாட்டார். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் வாய், முதலில் அவரிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கோவில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் அடுத்த பஸ் பயணத்தில் ஒன்றைக் கோத்தா பாருவுக்கோ கோல திரெங்கானுவுக்கோ கட்டுங்கள். முதியவர்களிடம் உள்ள கப்பல் சீட்டு, பழைய கடவுச்சீட்டு, தோட்டப் பெயர், வேலை மாறிய வரிசை ஆகியவற்றை அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ ஒப்படையுங்கள். உங்கள் வட்டாரத்தில் அடையாள அட்டை இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால், பெற்றோரைத் தேசியப் பதிவிலாகாவுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள், காரியம் முடியும்வரை விடாதீர்கள்.